வாளுறையில் இரண்டு தட்டு

அருளப்பு அண்ணை காலமான சேதி எனக்கு ஓர் அச்சு வேலையாகத்தான் வந்து சேர்ந்தது. பாரிசில், ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் வடக்கு முனையில் கலியாணக் கார்டும் மரண அறிவித்தலும் அடித்துக் கொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. காலையில் கடையைத் திறந்து மெஷினைப் போட்டுவிட்டு நிற்கிறேன், போன் வருகிறது. "தம்பி, அண்ணை மோசம் போயிட்டார். நோட்டீஸ் அடிக்க வேணும்" என்றார் சூசைநாதன். அருளப்பு அண்ணையின் கூடப்பிறந்த தம்பி.

நான் நம்பவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். அண்ணன் உயிரோடு இருக்கும்போதே கூத்தில் அவருடைய ராசா முடியைத் தன் தலையில் வைத்துக்கொண்ட மனிதன், அதே அவசரத்தில் நோட்டீசும் அடிக்கப் பார்க்கிறானோ என்றுதான் எனக்குப் பட்டது. அண்ணை கிடந்த ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தேன். குடும்பமா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் வைத்துவிட்டார்கள். பிறகு அண்ணையின் மனைவி பிலோமினா அக்காவுக்கு எடுத்தேன். அவர் "தம்பி" என்று ஒரு சொல் சொல்லி அழத் தொடங்கினார். அதற்குப் பிறகுதான் அண்ணையின் படத்தைத் தேடி எடுத்தேன். கறுப்புக் கரை போட்டு, பெயரை எழுத்துப் பிழையில்லாமல் இரண்டு தரம் பார்த்து அடித்தேன். நம் கடைகள் இருக்கிற லா ஷப்பல் சுவர்களில் நீங்கள் பார்த்த அறிவித்தல் அதுதான்.

இதை வாசிக்கிற பலருக்கு அண்ணையை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்தவர். கூத்தில் ராசா வேசம் கட்டுகிற குடும்பம். பாரிசுக்கு வந்து ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவி, பிறகு சமையலுக்கு ஏறி, கைகள் இரண்டும் எண்ணெய் தெறித்த தழும்போடு இருந்தவர். ஆனால் சனி ஞாயிறில் பொண்டி தேவாலயப் பங்கு மண்டபத்துக்குள் அவர் நுழைந்தால் அது வேறு ஆள். எங்கள் கூத்துக் குழுவுக்கு அவர்தான் அண்ணாவியார். பாட்டுக் கட்டுவார், ஆட்டம் பழக்குவார், மத்தளமும் அடிப்பார், கடைசியில் ராசாவாகவும் தானே வருவார். இத்தனையையும் ஓராள் கையில் வைத்திருப்பது நல்லதல்ல என்று ஒருமுறை சொன்னேன். "உன்னை ஆர் கேக்கச் சொன்னது?" என்று கேட்டார். அதுதான் அவர். நீங்கள் நேரம் கேட்டாலும் ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் சொல்வார்.

எனக்கு ஆட வராது. பாடவும் வராது. கொப்பி பார்ப்பது என் வேலை. மேடைத் திரைக்குப் பின்னால் நின்று, ஆட்டக்காரன் வரியை மறந்தால் அடுத்த சொல்லை மெல்லமாக எடுத்துக் கொடுக்கிற வேலை. அண்ணைக்கும் எனக்கும் இடையில் ஒரு சைகை இருந்தது. வரி மறந்தால் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். ராசா எப்படித் திரும்பிப் பார்ப்பது? இடது கை மோதிரத்தால் தகர வாளுறையில் இரண்டு தட்டுத் தட்டுவார். சனத்துக்கு அது அரசனின் கோபமாகத் தெரியும். எனக்கு அது "சொல்லடா" என்று கேட்கும். "என்ரை கழுத்துக்குப் பின்னாலை நிக்கிற ஒரே ஆள் நீ. உன்னை நான் முன்னாலை நிக்கிறவங்களை விடக் கூடச் சந்தேகப்பட வேணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பில் எவ்வளவு சிரிப்பு என்று எனக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை.

இங்கிலாந்து அரசர்களின் கதைக்கு அவர் வந்தது ஒரு யாத்திரையில்தான். பங்குக்காரர் எல்லாரும் பஸ் பிடித்து லுவார் ஆற்றுப் பக்கம் ஒரு பழைய மடத்துக்குப் போனோம். அங்கே இங்கிலாந்து ராசா ஒருவரும் அவருடைய ராணியும் கல்லில் செதுக்கிய உருவங்களாகப் பக்கத்துப் பக்கத்தில் படுத்துக் கிடக்கிறார்கள். பாதிப் பிரான்சையும் சேர்த்து ஆண்ட ராசாவாம். பெற்ற பிள்ளைகளே அப்பனுக்கு எதிராகப் படை எடுத்தார்களாம். பிள்ளைகளுக்குத் துணை நின்றாள் என்று பெண்சாதியை வருசக் கணக்காகச் சிறை வைத்தாராம். கடைசியில், தான் மிகவும் நம்பிய கடைக்குட்டியும் எதிரிகளோடு சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு செத்தாராம். வழிகாட்டிப் பெண் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். கல் ராணியின் கையில் ஒரு கல் புத்தகம். அண்ணை அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "சிறை வைச்சவனுக்குப் பக்கத்திலை படுத்துக் கிடந்து அப்பிடி என்ன வாசிக்கிறாள் இவள்?" என்று கேட்டார். பஸ் ஹோர்ன் அடிக்கும்வரை நகரவில்லை.

திரும்பி வரும் வழியிலேயே பாட்டுக் கட்டத் தொடங்கிவிட்டார். பிறகு அந்த நாட்டுச் சரித்திரம் முழுவதையும் என்னிடம் கேட்டுக் கேட்டு அறிந்தார். நானும் தெரிந்த மட்டுக்கு வாசித்துச் சொன்னேன். தமையனும் தம்பியும் அடிபட்டது, சித்தப்பன் தமையன் பிள்ளைகளைக் கோபுரத்தில் அடைத்து அவர்கள் காணாமலே போனது எல்லாம். கோபுரக் கதையைக் கூத்தாகப் போடுவோமா என்று கேட்டேன். "பிள்ளையள் காணாமப் போற கூத்து எங்கடை சனத்துக்கு வேண்டாம்" என்று ஒரே சொல்லில் நிறுத்திவிட்டார். "எங்களையும் ஆண்டவங்கள், உலகத்தையும் ஆண்டவங்கள். தங்கடை வீட்டுக் குசினியை ஆளத் தெரியேல்லைப் பார்" என்று சொல்லி அவருக்கு ஒரு சந்தோசம்.

ஒரு கதை மட்டும் அவரை விடவில்லை. சித்தப்பன் மகன் படையோடு வந்து நிற்க, தன் முடியைத் தானே கழற்றிக் கையில் கொடுத்த இளம் ராசா ஒருவரின் கதை. தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம் அதற்கே வருவார். "முடியைக் குடுத்தவனைச் சனம் பாவம் எண்டு சொல்லும். பறிகுடுத்தவனைத்தான் ராசா எண்டு சொல்லும். பாவம் எண்டு சொல்ல விடக்கூடாது, தம்பி" என்றார் ஒருநாள். கூத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஒத்திகை தொடங்கியது. லுவார் ஆற்று ராசாவாக அண்ணை, தகப்பனை எதிர்க்கிற மூத்த மகனாகச் சூசைநாதன். தகப்பன் வேசத்தில் அண்ணன், மகன் வேசத்தில் தம்பி என்று எல்லாரும் பகிடி பண்ணினோம். அந்தப் பகிடி கனகாலம் நீடிக்கவில்லை. அண்ணையின் தட்டுகள் கூடின. முன்பு ஒரு கூத்துக்கு ஒருமுறை இருமுறை தட்டுகிறவர், இப்போது ஒரு பாட்டுக்குள்ளேயே தட்டினார். தானே கட்டிய பாட்டுகள் அவை. ஒருமுறை நான் எடுத்துக் கொடுத்த சொல்லைக் கேட்டு, அது யார் எழுதிய சொல் என்பதுபோல நின்றார். அவருக்கு என்ன நடக்கிறது என்று என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்றுதான் நம்பினேன். கொப்பி பார்க்கிறவனுக்குத்தானே அது முதலில் தெரியும்.

பிலோமினா அக்கா ஒருநாள் கடைக்கு வந்தார். "தம்பி, உள்ளதைச் சொல்லும். இவர் அங்கை மறக்கிறாரோ?" என்று கேட்டார். "சேச்சே, எங்களிலும் பாக்க நல்லாச் சொல்லுறார்" என்றேன். சூசைநாதன் தனியாக வந்து அதையே கேட்டார். அவருக்கும் அதே பதிலைத்தான் கொடுத்தேன். இவர்கள் ஏன் ஒவ்வொருவராக வந்து கேட்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். நான் யாருடைய ஆள் என்று அவர்களுக்குச் சந்தேகம். ஒத்திகையில் அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார். "உன்ரை கடைக்கு இப்ப கன விருந்தாளியள் போல" என்பார். யார் சொன்னது என்று கேட்டால் சிரிப்பார்.

பிறகு ஒரு பின்னேரம், ஸ்டாலின்கிராட் மெட்ரோப் பக்கம் பேப்பர் வாங்கப் போய் நடந்து வருகிறேன். காலடியில், நடைபாதையில் பதித்த இரும்புக் கம்பிகளுக்குள்ளிருந்து மத்தளம் கேட்கிறது. குனிந்து பார்த்தேன். கீழே ஒரு கடையின் நிலவறை. அரசன் வரவுப் பாட்டு. ஆனால் அண்ணையின் குரல் அல்ல. மூக்கால் பாடுகிற அந்தக் குரலை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். சூசைநாதன் ராசாவாகப் பழகுகிறார். எங்கள் ஆட்டக்காரர் எல்லாரும் அங்கே. கொப்பி பார்க்கிற நான் மட்டும் மேலே, சனம் போகிற வழியில், குனிந்தபடி. அவர்கள் அண்ணைக்குச் செய்த துரோகம் ஒருபக்கம். என்னைக் கூப்பிடாதது அதைவிட எரிந்தது. அதை ஒளிப்பானேன்.

நேரே அண்ணையிடம் ஓடினேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் யன்னலடியில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். உரித்து முடித்து, ஒரு சுளையை எனக்கு நீட்டிவிட்டுச் சொன்னார்: "எனக்குத் தெரியும். உனக்கு இப்பத்தான் தெரியுமோ, இல்லாட்டி இப்பத்தான் சொல்லச் சொல்லி அனுப்பினவங்களோ?"

அந்தச் சுளை என் கையிலேயே இருந்தது. எத்தனை வருசம் அந்த மனிதனின் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். இரண்டு பக்கமும் என்னை மற்றப் பக்கத்தின் ஆள் என்று நினைத்தது.

கூத்து நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்குள் ராசா வேசம் சூசைநாதனுக்கு என்று குழு சொல்லிவிட்டது; கொப்பி பார்க்க வேறு ஆளில்லாமல் நான்தான் நின்றேன். மண்டபம் நிறைந்த சனம். அண்ணை வெள்ளைச் சட்டை போட்டு, தலையை வாரி இழுத்து, முன் வரிசையில் வந்து இருந்தார். திரை விலகியது. சூசைநாதன் முடி தரித்து வந்து, வரவுப் பாட்டில் பாதி பாடி, நின்றார். மறந்துவிட்டார் என்று அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தேன். அவர் எடுக்கவில்லை. இன்னொரு தரம் கொடுத்தேன். முதுகுக்குப் பின்னால் கையை வைத்து, பேசாமல் இரு என்பதுபோல விரலை ஆட்டினார். அப்போதுதான் முன் வரிசையில் அண்ணை எழுந்தார்.

"துரோகி! என்ரை முடியை வைச்சுக்கொண்டு என்ரை பாட்டையே எனக்குப் படிக்கிறியோ? நல்லா இரு. உனக்கும் ஒரு தம்பி வருவான்!" என்றார். மைக் இல்லாத குரல். கடைசி வரிசையில் தூங்கிய குழந்தை எழும்பி அழுதது. கூத்தில் ஒரு பகுதி என்று நினைத்துச் சிலர் கை தட்டினார்கள். அண்ணை நடு வழியால், இல்லாத சால்வையை ஒதுக்கிக்கொண்டு, வெளியே நடந்தார். அப்படி ஒரு ராச நடையை அவர் மேடையில்கூட நடந்ததில்லை.

பிறகு லா ஷப்பல் முழுக்க அதுதான் கதை. மரக்கறிக் கடையிலும் சலூனிலும் "அருளப்புவைத் தள்ளி விழுத்திட்டாங்கள்" என்றார்கள். சூசைநாதனோடு கதைக்காமல் விட்டவர்கள் பலர். நானும் விட்டேன். செத்தவீட்டில் அவர் நீட்டிய கையைப் பிடிக்காமல் போனவர்களில் இதை வாசிக்கிற நீங்களும் இருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் அண்ணையைக் கடைசியாகப் பார்த்தேன். நல்ல வெயில் நாள். சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். நான் வந்த சத்தத்துக்கு முகத்தைத் திருப்பி, கனநேரம் பார்த்தார். பிறகு, "யார் அனுப்பி இங்கு வந்தாய்?" என்றார். எங்கள் கூத்தின் கடைசிக் கட்டத்து வரி அது. பிள்ளைகள் எல்லாரும் கைவிட, சாகக் கிடக்கிற ராசா, தன்னைப் பார்க்க வந்த பழைய ஊழியனிடம் கேட்கிற கேள்வி. கூத்து வரியைச் சாட்டி என்னைக் குத்துகிறார் என்று எடுத்துக்கொண்டேன். கட்டில் கம்பியில் மோதிரத்தால் தட்டினார், போ போ என்று விரட்டுவதுபோல. வாங்கிப் போன பழத்தை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். அதன் பிறகு வந்த சேதிதான் நோட்டீஸ்.

இவ்வளவு நாளும் என்னை அரித்தது ஒன்றே ஒன்று. அந்த மனிதர் என்னைத் துரோகி என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடினாரா?

நினைவுத் திருப்பலிக்கு முன்பு, நினைவுக் கார்ட் அடிப்பதற்குச் சூசைநாதன் கடைக்கு வந்தார். நான் முகம் கொடுக்கவில்லை. வேலை சொல்லி முடித்தும் அவர் போகாமல் நின்றார்.

"தம்பி, உமக்கு ஒண்டு சொல்ல வேணும். என்னை ராசாவாய்ப் பழகச் சொன்னது அண்ணை. நிலவறையைக் கேட்டு எடுத்துத் தந்ததும் அவர்தான்."

"வெண்டவன் சொல்லுறதுதானே சரித்திரம்" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "டொக்டர் சொன்ன அண்டைக்கே என்னைக் கூப்பிட்டவர். 'நான் எல்லாத்தையும் மறக்கப் போறன் சூசை. ஏலாமல் விட்டான் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது. பறிச்சுப் போட்டாங்கள் எண்டு சொல்ல வேணும். நீ பறி' எண்டவர். நான் மாட்டன் எண்டு அழுதனான். 'நீ என்ரை தம்பியெண்டா பறி' எண்டவர்."

நான் நம்பினேனா? இல்லை. நன்றாகச் சோடித்த கதை என்றே நினைத்தேன். பெயரைக் கழுவ வந்திருக்கிறார், அதுவும் செத்தவரைச் சாட்சிக்கு வைத்து. ஆனால் ஒரு கேள்வி என்னிடம் இருந்தது. கொப்பி பார்க்கிறவனைத் தவிர வேறு யாருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி.

"அண்டைக்கு வரவுப் பாட்டிலை ஏன் நிண்டனீங்கள்? நான் சொல்லத் தந்தும் எடுக்கேல்லை. கையை வேறை ஆட்டினீங்கள்."

"அண்ணை எழும்ப வேணுமெல்லோ" என்றார் சூசைநாதன். "அவருக்கு முழங்கால் நோ. 'நீ நிப்பாட்டி ஆறுதலா நில்லு, நான் கதிரையைப் பிடிச்சு எழும்ப நேரம் எடுக்கும்' எண்டு சொன்னவர். நீர் பின்னாலை நிண்டு சொல்லித் தரத் தர எனக்கு வேர்த்து ஊத்தினது."

பெயரைக் கழுவ வருகிறவன் கண்ணீரைச் சோடிப்பான், சத்தியத்தைச் சோடிப்பான். முழங்கால் நோவைச் சோடிக்கமாட்டான். நிலவறையில் என்னைக் கூப்பிடாததற்கும் இப்போது காரணம் கேட்டேன். எனக்கு ஏன் சொல்லவில்லை?

"அண்ணைதான் வேண்டாம் எண்டவர். 'அவனுக்குச் சொல்லாதை. அவன்ரை முகம் எல்லாத்தையும் காட்டிக் குடுத்திடும். நான் மறக்கேல்லையெண்டு அவன் உங்களுக்குச் சொன்ன பொய்யை ஒருத்தராவது நம்பினியளோ?' எண்டு கேட்டுச் சிரிச்சவர். பிறகு சொன்னவர், 'எனக்காகப் பொய் சொன்ன ஒரே ஆள்' எண்டு."

இதை எழுத வேண்டாம் என்று சூசைநாதன் கையைப் பிடித்துக் கேட்டார். அண்ணை அவ்வளவு பாடுபட்டுத் தலையில் வைத்துக்கொண்டு போன முடியை நான் கழற்றக்கூடாது என்றார். சனம் தன்னை என்ன சொன்னாலும் பரவாயில்லையாம். பிலோமினா அக்காவிடம் போய்க் கேட்டேன். அவருக்கு இது டொக்டர் சொன்ன நாளிலிருந்தே தெரியும். "எழுதும் தம்பி. அவருக்கு இனி முடி என்னத்துக்கு? இவன் ஒவ்வொரு நாளும் இந்தத் தெருவாலை நடக்க வேணும்" என்றார். ஆகவே எழுதுகிறேன். அண்ணைக்கு நான் செய்கிற ஒரே துரோகம் இதுதான். சூசையண்ணையைக் கண்டால் இனி முகம் கொடுத்துக் கதையுங்கள்.

அண்ணை சொன்னவை கனக்க என்னிடம் இருக்கின்றன. "கூத்திலை செத்தவன் எழும்பி வந்து தேத்தண்ணி குடிப்பான், வீட்டிலைதான் கவனமா இருக்க வேணும்" என்பார். "நம்பிக்கையை வாயாலை சொல்லுறவனைத்தான் முதல் பார்" என்பார். அவற்றை யாரும் எடுத்துக்கொள்ளலாம். நான் எனக்கென்று வைத்திருப்பது ஒரு சத்தம். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, பேப்பர் தட்டுப்படும் சத்தத்துக்குள் அது கேட்கிறது. கட்டில் கம்பியில் மோதிரம் தட்டிய சத்தம். எத்தனை தட்டு என்று அன்றைக்கு நான் எண்ணவில்லை. இப்போது எண்ணிப் பார்க்கிறேன். இரண்டு.

அவர் என்னை விரட்டவில்லை. தன் வரியைச் சொல்லிவிட்டு, அடுத்த வரி வராமல், வழக்கம்போல என்னிடம் கேட்டிருக்கிறார். அந்தக் கட்டத்தில் ஊழியன் சொல்கிற பதிலை நான் கொப்பி பார்க்காமலே சொல்வேன். பிந்தித்தான் போனது. ஆனாலும் இந்தாருங்கள் அண்ணை:

"ஒருவரும் அனுப்பவில்லை, அரசே. நானாகத்தான் வந்தேன்."